கொல்லிமலைப் பனிமூட்டம் பூஜையறைப் பலகையில் பதியுமா? ஹீட் டிரான்ஸ்ஃபர் சூட்சுமங்கள்!

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்குப் போய்வந்தால், செல்போன் நிறையப் படங்கள் சேர்ந்துவிடும். அறப்பளீஸ்வரர் கோயில் முன்பு குடும்பத்தோடு ஒன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நனைந்தபடி ஒன்று, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் ஒன்று. இவற்றை காபி மக்கிலும் டி-ஷர்ட்டிலும் போட்டுக்கொள்வது பழகிப்போன விஷயம். வீட்டில் 'கோரியன்' பலகையில் பூஜை மண்டபமோ பெயர்ப்பலகையோ செய்யும்போது, அதிலும் ஒரு படத்தைப் பதித்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

பதிக்கலாம். ஆனால், மக்குக்கு வைத்த அதே சூட்டை இதற்கும் வைத்தால் படமும் கெடும், பலகையும் வளையும்!

கற்பூரம் சொல்லும் பாடம்

கற்பூரம் உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகும். பள்ளியில் இதை 'பதங்கமாதல்' என்று படித்திருப்போம். சப்ளிமேஷன் மையும் அப்படித்தான். முதலில் படத்தை இடவலம் மாற்றி, அதற்கென உள்ள காகிதத்தில் அச்சடிப்பார்கள். அதைப் பொருளின் மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால், சாயம் ஆவியாகி பிளாஸ்டிக்கின் உள்ளே இறங்கிவிடும். உள்ளே இறங்குவதால்தான் நகத்தால் சுரண்டினாலும் உரியாது.

இந்தச் சாயம் பிடிக்க பாலியஸ்டர், அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் தேவை. மக்கில் பதிகிறதே என்று கேட்கலாம். அதன் மேல் பூசப்பட்ட பாலிமர் பூச்சில்தான் அது பதிகிறது. கிரானைட், மார்பிள் மீது அப்படியே வைத்தால் நிற்காது.

பார்க்கத்தான் கல்!

கோரியன் என்பது ஒரு பிராண்ட் பெயர். 1967-ல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் உருவானது. இந்த வகைப் பலகைகளின் பொதுப்பெயர் சாலிட் சர்ஃபேஸ். அக்ரிலிக் வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி, அலுமினியம் டிரைஹைட்ரேட் என்ற தாதுத்தூள். அந்தப் பிசின்தான் சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. குவார்ட்ஸ் பலகை இதுபோலத் தெரிந்தாலும் அதில் பிசின் மிகக் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சூட்டில்தான் சிக்கல்

துணி, மக் போன்றவற்றுக்கு வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு வைப்பார்கள். ஆனால், சாலிட் சர்ஃபேஸை வளைத்து உருவம் கொடுக்கவே சுமார் 160 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் பலகை இளகி நெளியும். 200 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தாதுத்தூள் நீராவியை வெளிவிட ஆரம்பித்து, கொப்புளம் வரலாம்.

எனவே, சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. வழக்கமான 12 மில்லிமீட்டர் பலகை மெதுவாகத்தான் சூடேறும். முன்கூட்டியே மிதமாகச் சூடாக்கினால் நிறம் எல்லா இடத்திலும் சமமாக இறங்கும். காகிதம் நகராமல் இருக்க வெப்பம் தாங்கும் டேப் ஒட்ட வேண்டும். நகர்ந்தால் முகத்துக்குப் பக்கத்திலேயே நிழல் முகம் ஒன்று விழும். பிரஸ்ஸைத் திறந்ததும் காகிதத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, பலகையைச் சமதளத்தில் வைத்து, மேலே தட்டையான எடை ஏற்றி மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறவைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும்.

மழைக்காலத்திலும் மலைப்பகுதியிலும் இன்னொரு கவனம் தேவை. காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் ஆவியானால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். காகிதத்தை முதலிலேயே உலர்த்திக்கொள்வது நல்லது.

வெள்ளை மை கிடையாது

சப்ளிமேஷனில் வெள்ளை நிற மை இல்லை. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பலகையின் நிறமே தெரியும். கொல்லிமலைப் படங்களில் பாதி பனிமூட்டமும் அருவியும்தான். க்ரீம் நிறப் பலகையில் அந்தப் பனி மஞ்சளடிக்கும். புள்ளி போட்ட பலகையில் மணல் தூவியதுபோல இருக்கும். கறுப்புப் பலகையில் எதுவுமே தெரியாது. புள்ளியில்லாத தூய வெள்ளைதான் சரி. அடர்பச்சைக் காடு போன்ற இடங்களுக்கு நிறைய சாயம் இறங்க வேண்டும் என்பதால், அங்கே நிறம் வெளிறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்...

* பலகை அக்ரிலிக் சாலிட் சர்ஃபேஸா, பூச்சு போட்ட கல்லா என்று கேளுங்கள். பூச்சு என்றால் காலப்போக்கில் உரியலாம்.

* சப்ளிமேஷனா, யுவி பிரின்ட்டா என்றும் கேளுங்கள். யுவி பிரின்ட்டில் மை மேற்பரப்பிலேயே தங்கும்.

* சிங்க் பொருத்த வெட்டிய துண்டுகள் கடையில் மிஞ்சியிருக்கும். உங்கள் படத்தின் ஒரு பகுதியை அந்தத் துண்டில் பதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே நிறம், அதே தடிமன் முக்கியம்.

* வெயில் படும் வாசல் பெயர்ப்பலகைக்கு இது வேண்டாம். புற ஊதாக் கதிரில் சாயம் வெளுக்கும்.

* விளக்கையும் கற்பூரத்தையும் பலகையில் நேரடியாக வைக்காதீர்கள். பித்தளைத் தட்டு அவசியம்.

இன்னொன்றும் முக்கியம். சாதாரண சாலிட் சர்ஃபேஸில் கீறல் விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். படம் பதித்த பிறகு அது முடியாது. சாயம் மேலடுக்கில் மட்டுமே இருப்பதால், தேய்த்தால் படமும் சேர்ந்து போய்விடும்.

குறிப்பாக, மறைந்த தாத்தா, பாட்டியின் ஒரே படத்தைப் பதிக்கக் கொடுப்பவர்கள் அசல் படத்தைக் கடையில் விட்டுவர வேண்டாம். நன்றாக ஸ்கேன் செய்து அந்த ஃபைலை மட்டும் கொடுங்கள். பலகை வளைந்துபோனால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் படம் மீண்டும் கிடைக்காது.