வீட்டு வாசலில் தங்க மழை! சரக்கொன்றை வளர்ப்பது எப்படி?

அம்பத்தூர்:
ஏப்ரல், மே வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். செடி, கொடி எல்லாம் வாடி நிற்கும் அந்த நேரத்தில், இலையை உதிர்த்துவிட்டு மரம் முழுக்க மஞ்சள் பூவாக சரம் சரமாகத் தொங்குவதுதான் சரக்கொன்றை. சிவனுக்கு உகந்த பூ. கேரளாவில் விஷுக்கனி வைப்பதும் இதே பூவைத்தான். அந்த மாநிலத்தின் மலரும் இதுதான்.

குல்மொஹர் வேண்டாமா?

கோடைப் பூ என்றாலே பலரும் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹரை வாங்கி வந்து வாசலில் வைத்து விடுகிறார்கள். மடகாஸ்கரில் இருந்து வந்த இந்த மரத்துக்கு வேர் மேலாக ஓடும், கிளையும் சட்டென்று முறியும். 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதில் குல்மொஹரும், பெருங்கொன்றையும் நிறைய. பக்கத்து வீட்டு சுவர், கரண்ட் கம்பி மேல் விழுந்தால் தகராறுதான்.

சரக்கொன்றை நம்ம ஊர் மரம். அவ்வளவு பெரிதாகப் படராது. அதற்காக புயலில் விழவே விழாது என்று சொல்ல முடியாது. சுவர், சம்பு, செப்டிக் டேங்க்கில் இருந்து 10 அடியாவது தள்ளி, மேலே கம்பி இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

விதை போடும் முறை

முற்றிய கறுப்புக் காயை உடைத்தால் உள்ளே அறைக்கு ஒரு விதை இருக்கும். தோல் ரொம்ப கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் முளைக்காது. விதையின் ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பிய விதையை மட்டும் பையில் ஊன்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் முளை விடும். கோடையில் விதை போட்டால் ஆடி, ஆவணியில் கன்றை நடலாம்.

தண்ணீர் தேங்கினால் அவ்வளவுதான்

இந்தப் பக்கம் ஏரியை ஒட்டிய மனைகள் அதிகம். களிமண், மழைக்கு தண்ணீர் நிற்கும். சரக்கொன்றைக்கு அது ஆகாது, வேர் அழுகிவிடும். எனவே 2 அடி நீள, அகல, ஆழத்துக்கு குழி எடுத்து, மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, தரையைவிட ஒரு அடி உயரமாக மேடு கட்டி நட வேண்டும். நாள் முழுக்க வெயில் படணும். முதல் இரண்டு வருஷம் கோடையில் தண்ணீர் ஊற்றினால் போதும். அதற்குப் பிறகு அளவுக்கு மீறி தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் இலைதான் வரும், பூ வராது. கிளையை வெட்டுவதாக இருந்தால் பூ முடிந்த பிறகே வெட்டணும்.

இலையை பச்சைப் புழு தின்றால் உடனே மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிற புழு. இலை மறுபடி துளிர்த்துவிடும்.

குழந்தைகள் ஜாக்கிரதை

காயின் சதை பேதி மருந்தாகப் பயன்படுவது. குழந்தைகள் வாயில் வைத்தால் வாந்தி, பேதி ஆகும். விழுந்த காய்களை அவ்வப்போது பெருக்கி எடுத்துவிட வேண்டும்.

பூ பார்க்க நாலைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பொறுமையாகக் காத்திருந்தால் அதன்பிறகு ஒவ்வொரு சித்திரைக்கும் வாசல் மஞ்சள்தான்.