வேப்புக்கு மாறினால் சிகரெட் ஏக்கம் அடங்குமா?

புகையிலை பத்திப் பேசின போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "சிகரெட்டை விட முடியலை. வேப், அதாவது இ-சிகரெட்டுக்கு மாறினா அந்த ஏக்கம் அடங்குமா?" இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல, அந்த ஏக்கம் எங்கிருந்து வருது? ஒரு இழுப்பு இழுத்தா, நிக்கோட்டின் நுரையீரல் வழியா 10 முதல் 20 விநாடியில் மூளைக்குப் போயிடும். அங்கே டோபமைன் சுரக்கும், மனசு லேசாகும். ஆனா சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைஞ்சிடும். உடனே எரிச்சல், படபடப்பு. அடுத்ததைப் பத்த வெச்சா நிம்மதி. சிகரெட் டென்ஷனைக் குறைக்குதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது குறைக்கிறது, போன சிகரெட் விட்டுட்டுப் போன டென்ஷனைத்தான்!

இதோட பழக்கமும் சேர்ந்துக்கும். கையில் டீ கிளாஸ் வந்ததும் விரல் தானா பாக்கெட்டைத் தேடும். தோலில் ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச் நிக்கோட்டினை மெதுவாகக் கொடுக்கும். கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்காது. இ-சிகரெட் ரெண்டையும் கொடுக்கும். 2003இல் இன்றைய வடிவத்தை உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக், தானே சிகரெட் பிடிச்சவர். இதில் புகையிலை எரியறதில்லை. பேட்டரி ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குது. அதனால சிகரெட் புகையில் இருக்கிற தாரும் கார்பன் மோனாக்சைடும் பெருமளவு குறையும். ஆனா ஆபத்தே இல்லைன்னு அர்த்தமில்லை.

சரி, பலன் உண்டா? பிரிட்டனில் 886 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இ-சிகரெட், இன்னொரு பிரிவுக்கு பேட்ச், சூயிங் கம் மாதிரியான நிக்கோட்டின் மாற்று மருந்துகள். ரெண்டு பிரிவுக்கும் வாராவாரம் ஆலோசனையும் உண்டு. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட்டை விட்டிருந்தவங்க, இ-சிகரெட் பிரிவில் 18 சதவீதம். மத்த பிரிவில் 9.9 சதவீதம்.

கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா இன்னொரு எண்ணையும் பாருங்க. இப்படி ஜெயிச்சவங்களில், இ-சிகரெட் பிரிவில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் அதை இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. மாற்று மருந்து பிரிவில் மருந்தைத் தொடர்ந்தவங்க 9 சதவீதம்தான். சிகரெட் போச்சு, நிக்கோட்டின் போகலை. ஏக்கம் அடங்குது, ஆனா அது தீனி கிடைச்சதால வர்ற அடக்கம்.

இந்தியாவில் 2019லேயே இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாத்துக்கும் தடை வந்தாச்சு. திருட்டுத்தனமா விக்கிறதில் நிக்கோட்டின் எவ்வளவு, வேற என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

அப்போ என்ன செய்யறது? மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங் கம் இருக்கு. பலர் அதை சாதா பபுள்கம் மாதிரி மென்னு, "வேலைக்கே ஆகலை"ன்னு தூக்கிப் போடறாங்க. மெதுவா மெல்லணும், காரம் தெரிஞ்சதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்கணும். வாயின் உள்தோல் வழியாத்தான் நிக்கோட்டின் ஏறும். காபி குடிச்ச உடனே மென்னா சரியா ஏறாது. 15 நிமிஷம் விடுங்க. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்குங்க.

பேசறதுக்கு ஆள் வேணும்னா 1800-11-2356, கட்டணமில்லாத அரசு உதவி எண். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிச்சிருக்கும். ஏக்கம் ஒரு அலை மாதிரி. பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிஞ்சிடும். அடுத்த தடவை அது வரும்போது, பாக்கெட்டை எடுத்தா அந்த எண்ணைப் பாருங்க.