அன்னா ஈவா யாருடைய மகள்?

வழக்கமாக நாவல்களைப் பற்றிப் பேசும் நான் இன்று ஒரு வம்சாவளியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குடியேறிய வைசர் என்ற ஜெர்மானியக் குடும்பம். அதற்குள் என்னை இழுத்தது ஒரே ஒரு கேள்விதான்: கொன்ராட் வைசரின் மனைவி அன்னா ஈவா யாருடைய மகள்?

கொன்ராட் 1696இல் வூர்ட்டம்பர்க் பகுதியில் பிறந்தவர். 1709இல் தாய் இறந்தார். சில வாரங்களில் தந்தை எட்டுப் பிள்ளைகளுடன் ஊரைவிட்டுக் கிளம்பினார். மணமான மூத்த மகள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். லண்டன் வழியாக 1710இல் நியூயார்க் வந்தார்கள். அந்த ஆண்டு அப்படிக் கப்பலேறிய ஏறத்தாழ 3000 பேரையும் ஆங்கிலேயர்கள் பொதுவாகப் ‘பாலட்டைன்கள்’ என்றே எழுதினார்கள். அதை நம்பிப் பாலட்டினேட் பகுதியின் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டுகிறவருக்கு வைசர் குடும்பம் அகப்படாது. ஊர் வேறு.

பெயரும் ஏமாற்றும். ஞானஸ்நானத்தின்போது ஆண்பிள்ளைகளுக்கு ‘யோஹான்’ என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். ஒரே வீட்டில் மூன்று யோஹான்கள் இருக்கலாம். வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரை. பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ ஒட்டிக்கொள்ளும். வைசர் வீட்டுப் பெண் ஏட்டில் ‘வைசரின்’ ஆவார். (தமிழ்க் கண்ணுக்கு அது வேற்றுமை போலத் தெரிவது என் பிரச்சினை.)

நியூயார்க்கில் கொன்ராடின் தம்பிகள் இருவரை ஆளுநர் லாங் ஐலண்டில் வேறு வீடுகளுக்கு ஒப்பந்தப் பணியாட்களாகக் கொடுத்துவிட்டார். நோயில் கிடந்த தந்தை சம்மதித்தார். இதைக் கொன்ராட் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். என்னால் அவ்வளவு சுலபமாக நகர முடியவில்லை.

1712–13 குளிர்காலத்தில் அவரை மோஹாக் மக்களோடு தங்கி மொழி கற்க அனுப்பினார்கள். பின்னாளில் பென்சில்வேனியா அரசுக்கும் இரோக்குவா மக்களுக்கும் இடையே முக்கியமான மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். 1720இல் ஸ்கோஹரியில் திருமணம். மணமுடித்து வைத்த போதகரின் பெயரைக்கூட எழுதியவர், மனைவியின் குடும்பப் பெயரை எழுதவில்லை.

அந்த இடைவெளியில் கதை முளைத்தது. அன்னா ஈவா ஒரு மோஹாக் பெண் என்று வழித்தோன்றல்கள் சொல்லிவந்தார்கள். அழகான கதைதான். ஆனால் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது அந்த மண்ணின் பாத்தியதையையும் சேர்த்தே தருகிறது. அதனாலேயே எனக்கு அதில் சந்தேகம்.

சாட்சி மருமகனிடமிருந்து வருகிறது. 1745இல் இவர்களின் மகள் அன்னா மரியாவை மணந்த லூத்தரன் போதகர் மூலன்பர்க், ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பிய அறிக்கையில் மாமியாரை ஜெர்மானியக் கிறிஸ்தவப் பெற்றோரின் மகள் என்றே குறிப்பிடுகிறார். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய கடிதங்களை அச்சிட்ட அதே ஹாலேதான். வம்சாவளியாளர்கள் இன்று அவரை ஃபெக் என்ற ஜெர்மானியக் குடியேறிக் குடும்பத்தின் மகளாகக் கொள்கிறார்கள்.

அன்னா ஈவா பெற்றது பதினான்கு பிள்ளைகள். வளர்ந்து ஆளானவர்கள் ஏழு பேர். பேரன் ஃபிரெடெரிக் மூலன்பர்க் 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். பலரும் அவரிடமிருந்துதான் இந்த மரத்தில் ஏறத் தொடங்குகிறார்கள். நான் லாங் ஐலண்டில் விடப்பட்ட அந்த இரண்டு சிறுவர்களிடமிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். கேள்விகளுக்குப் போகலாம்.