அறுவடை யந்திர வாடகையும் அதன் வரவு செலவும்

காவிரி டெல்டாவில் நெல் அறுவடைக்கு யந்திரம் அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. குறுவைக்கும், சம்பா தாளடிக்கும், சேலம் ஜில்லா ஆத்தூர் முதலிய இடங்களிலிருந்து பெல்ட் வண்டிகளும் டயர் வண்டிகளும் லாரிகளில் ஏறி வருகின்றன. வாடகை பெரும்பாலும் மணிக் கணக்கே. மணிக்கு இவ்வளவு என்று தரகரிடம் பேசி முடித்ததும் பேரம் தீர்ந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். ஒரு குவிண்டால் நெல் அறுத்துச் சேர என்ன செலவாயிற்று என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே.

ஆள் கொண்டு அறுத்த காலத்தில் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. கீழைத் தஞ்சையில் அறுவடைக் கூலி பற்றி எழுந்த பூசல்களுக்குப் பின் 1969-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நியாயக் கூலிச் சட்டமும் அக்கூலியைக் கண்டுமுதலில் ஒரு பங்காகவே நிர்ணயித்தது. கண்டுமுதல் குறைந்தால் கூலியும் குறைந்தது. அறுப்பவருக்கு அது துன்பமே ஆயினும், நஷ்டம் முழுவதும் ஒருவர் தலையிலேயே விழவில்லை. மணிக் கணக்கு வாடகையில் இம்முறை தலைகீழாகின்றது.

கணக்கின் பொருட்டு வாடகை மணிக்கு ரூ. 2,400 என்று வைத்துக்கொள்ளலாம். பயிர் நிமிர்ந்து நின்று, வயலும் காய்ந்திருந்தால் ஒரு ஏக்கரைப் பெல்ட் வண்டி ஏறக்குறைய ஒரு மணியில் அறுத்துவிடும். கண்டுமுதல் 40 கிலோ மூட்டையில் 60, அதாவது 24 குவிண்டால் ஆனால், குவிண்டாலுக்கு அறுவடைச் செலவு ரூ. 100. அதே வயலில் மழையால் பயிர் சாய்ந்து, சேறும் நின்று, வண்டி இரண்டரை மணி உழன்றால் வாடகை ரூ. 6,000. நெல்லோ உதிர்ந்தும் முளைத்தும் 18 குவிண்டாலாகக் குறையக்கூடும். அப்பொழுது குவிண்டாலுக்கு ரூ. 333 விழுகின்றது. ஒன்பதில் ஒரு பங்கு கூலி என்ற முறையிருப்பின் முதல் வயலுக்கு 267 கிலோவும் இரண்டாம் வயலுக்கு 200 கிலோவும் அளந்திருப்பார்கள். விளைச்சல் கெட்ட வருஷத்திலேயே அறுவடைச் செலவு மிகுவது மணிக் கணக்கின் இயல்பு. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேற்பட்ட நெல்லை, அரசாங்கம் தளர்வு அளித்தாலன்றி, ஏற்பதில்லை ஆகையால் காயவைக்கும் செலவும் அவ்வருஷத்தில் கூடவே வரும்.

இதற்கு யந்திரச் சொந்தக்காரரின் பேராசையே காரணம் என்று சாவடியில் பேசுவதுண்டு. அவருடைய ஐந்தொகையையும் பார்ப்பது நியாயம். வண்டியின் கிரயம் 28 லட்சம், ஏழு வருஷங்களுக்குப்பின் விற்றால் 7 லட்சம் கிடைக்கும் என்று கொண்டால் வருஷத் தேய்மானம் 3 லட்சம். வட்டி, சராசரி முதலான பதினேழரை லட்சத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் ரூ. 2,10,000. இன்ஷூரன்ஸ் முதலியவற்றுக்கு ரூ. 40,000. ஆக ரூ. 5,50,000, வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் செலவாகிவிடும். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் டீசல் 8 லிட்டர், லிட்டர் ரூ. 95 வீதம் ரூ. 760, ஓட்டுநர், உதவியாள் படி ரூ. 300, பெல்ட், கத்தி, பழுது ரூ. 350, தரகு ரூ. 100, மொத்தம் ரூ. 1,510. ரூ. 2,400-இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது ரூ. 890. வருஷத்துக்கு 618 மணி ஓடினால்தான் முதலுக்கு மோசமில்லை. அதனால்தான் இவ்வண்டிகள் டெல்டா முடிந்தவுடன் வேறு ஜில்லாக்களுக்கும் ஆந்திரத்துக்கும் புறப்பட்டுவிடுகின்றன.

ஆகவே சொந்தக்காரருக்கு லாபம் தருவது விகிதம் மட்டுமன்று, ஓடும் மணிகளும் ஆகும். வருஷத்தில் 100 நாள் வேலையிருக்க, வயலுக்கு வயல் அலைந்து நாளுக்கு 5 மணியே ஓடினால், ரூ. 2,400 வாங்கியும் அவருக்கு ரூ. 1,05,000 நஷ்டம். அதே 100 நாளில் நாளுக்கு 8 மணி ஓடினால், மணிக்கு ரூ. 100 குறைத்துக்கொண்டபோதிலும் ரூ. 82,000 லாபம். அடுத்தடுத்த வயல்காரர் சேர்ந்து இருபது ஏக்கரை ஒரே தொகுதியாக ஒரே வண்டிக்கு ஒப்படைத்தால், விகிதத்தைக் குறைத்துக் கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு, அதற்கு இடமும் உண்டு. தனித்தனியே பேசும் மூன்று மா நிலக்காரருக்கு அந்தப் பலம் வராது.

அமெரிக்காவின் கோதுமைச் சமவெளியில் டெக்சாஸ் தொடங்கிக் கனடா எல்லை வரை, பயிர் முற்ற முற்ற வடக்கே நகர்ந்து கூலிக்கு அறுக்கும் குழுவினர் வேறு முறையைக் கைக்கொண்டிருக்கின்றனர். ஏக்கருக்கு ஒரு தொகை. ஏக்கரின் விளைவு 20 புஷலுக்கு, அதாவது சுமார் 544 கிலோவுக்கு மேற்பட்டால் மேற்பட்ட ஒவ்வொரு புஷலுக்கும் சிறு தொகை. தானியத்தை ஏற்றிச் செல்லத் தனிக் கூலி. விளைவு மிகுந்தால் கூலி மிகுகின்றது. நெற்கூலிப் பங்கின் சாயல் இதில் தெரிவதைப் பெரியோர் உடனே கண்டுகொள்வர்.

ஏக்கர் கணக்கிலும் குறை இல்லாமல் இல்லை. சீக்கிரம் முடித்தால் லாபம் என்பதால் ஓட்டுநர் விரைந்து ஓட்டுவார். நெல் பின்னால் வைக்கோலோடு வயலில் சிந்தும். வண்டி போன தடத்தில் ஒரு மீட்டர் சதுரத்தில் கிடக்கும் மணிகளை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். ஆயிரம் மணி 20 கிராம் நிறையுள்ள ரகத்தில், சதுர மீட்டருக்கு 500 மணி சிந்தினால் ஏக்கருக்கு ஒரு மூட்டை வயலிலேயே போயிற்று என்று பொருள். அறுக்குமுன்பே உதிர்ந்து கிடந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். முதல் ஏக்கரிலேயே இதைச் செய்து பார்த்து வேகத்தைக் குறைக்கச் சொல்வது நன்று.

நிமிர்ந்த பயிருக்கு ஏக்கர் கணக்கும், சாய்ந்த பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவுக்கு மேற்படாது என்ற வரம்புடன் மணிக் கணக்கும் பேசிக்கொள்வது இருசாராருக்கும் ஒத்துவரக்கூடியது. மணி எப்பொழுது தொடங்குகின்றது, பழுதுபார்க்கும் நேரமும் வயல் மாறும் நேரமும் சேருமா என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குவது அவசியம். தகராறுகளில் பெரும்பாலானவை வாடகை விகிதத்தைப் பற்றியல்ல, இந்தக் கால்மணி அரைமணியைப் பற்றியே எழுகின்றன. அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே நீரை வடித்துவிட்டால் வண்டி புதையாது. அவ்வாறு மிச்சமாகும் நேரம் மிராசுதாரரின் சொந்தப் பணம்.

சில வருஷங்களில் கலெக்டர்கள் விவசாயிகளையும் யந்திரச் சொந்தக்காரர்களையும் கூட்டி முத்தரப்புப் பேச்சில் வாடகையை முடிவு செய்வதுண்டு. அவ்விகிதம் தெரிந்த அன்றே சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் எழுதி ஒட்டுவது கிராமாதிகாரிகள் செய்யத்தக்க எளிய உதவி. வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவை எல்லோருக்கும் எட்டும் அளவில் இல்லாவிடினும், அத்துறையின் விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரகரிடம் பேசுவதற்கும், ஒன்றும் அறியாமல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. மழை மேகம் திரண்டபின் பேரம் பேச நேரம் இராது. ஆகவே கதிர் பால் பிடிக்கும் சமயத்திலேயே தொகுதி சேர்த்து வண்டிக்குச் சொல்லிவைப்பது நல்லது.