மலைநாட்டு லொறிகளில் கிளச்சைச் சீர்செய்யும் முறை

மரக்கறிச் செய்கையாளரின் உழைப்பு, விளைபொருள் வாடாது சந்தையை அடையும்போதே உரிய பலனைத் தருகின்றது. நுவரெலியாவிலிருந்து கோவா, கரட், லீக்ஸ் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு வரும் லொறி, ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலிருந்து 500 மீற்றர் உயரத்திற்கு இறங்குகின்றது. கொழும்புக்குச் செல்வதாயின் கடுகண்ணாவைக் கணவாயையும் கடத்தல் வேண்டும். இவ்வீதிகளில் கியரை அடிக்கடி மாற்ற நேரிடுவதால், சமதரையில் ஓடும் லொறியிலும் பார்க்க மலைநாட்டு லொறியின் கிளச்சு விரைவில் தேய்கின்றது. இரும்புக் கோல்களால் இயங்கும் கிளச்சுடைய பழைய நடுத்தர லொறிகளுக்கே இங்கு கூறப்படும் முறை பொருந்தும்.

வெற்றசைவு என்பது யாது?

கிளச்சு மிதியை அழுத்தும்போது, அதனுடன் இணைந்த கோல் ஒரு நெம்பை அசைக்கின்றது. நெம்பு ஒரு பேரிங்கைத் தள்ள, அது கிளச்சின் விரல்களை அழுத்தித் தட்டை விடுவிக்கின்றது. மிதியில் கால் இல்லாதபோது பேரிங்கு விரல்களைத் தொடலாகாது. இச்சிறு இடைவெளி காரணமாக, மிதியின் முதல் அசைவு தடையின்றி இருக்கும். இதுவே வெற்றசைவாகும். பல லொறிகளில் இது ஏறக்குறைய 1 அங்குலம் (25 மி.மீ.) ஆகும். வாகனத்தின் கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கொள்க.

தட்டுத் தேயத் தேய வெற்றசைவு கூடுமெனப் பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. தட்டு மெலியும்போது விரல்களின் உள்நுனிகள் பேரிங்கை நோக்கி வருவதால், வெற்றசைவு குறைந்து ஈற்றில் இல்லாமற் போகின்றது. அப்போது கிளச்சு முழுமையாகப் பற்றாது. ஏற்றத்தில் இயந்திரம் இரைந்தும் லொறி வேகங்குன்றும்; கருகிய மணமும் எழும்.

கோல்மூட்டுகளின் ஆணிகள் தேய்ந்தாலோ, சீர்செய்தவர் கோலை அளவுக்கு மிஞ்சித் தளர்த்தினாலோ வெற்றசைவு மிகும். அந்நிலையில் கிளச்சு முற்றாக விடுபடாது. கியர் நெரிபட்டு விழ மறுக்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியர் விழாவிடின், சாரதிக்குப் பிறேக்கு ஒன்றே துணையாகும். நெடுநேரம் அழுத்திய பிறேக்கு சூடேறி வலுவிழக்கும். இது உயிராபத்தை விளைவிக்கும்.

சீர்செய்யும் முறை

1. லொறியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்குக.

2. மிதியை விரலால் அழுத்தி, தடை தோன்றும்வரை அது செல்லும் தூரத்தை அடிமட்டத்தால் அளக்குக.

3. ஆணிகளையும் மீள்வில்லையும் பரிசோதிக்குக. தேய்ந்தவற்றை மாற்றியபின்னரே அடுத்த வேலையைத் தொடங்குக.

4. கோலிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சீராக்கும் நட்டை அரைச்சுற்று மாத்திரம் திருப்பி மீண்டும் அளக்குக. எப்பக்கம் திருப்பல் வேண்டுமென்பது லொறிக்கு லொறி வேறுபடும். அளவே அதனைக் காட்டும்.

5. அளவு சரியானதும், சீராக்கும் நட்டு அசையாது பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குக. பின்னர் மறுபடியும் அளக்குக.

6. மூட்டுகளுக்குச் சிறிதளவு எண்ணெய் இடுக. கிளச்சுத் தட்டில் எண்ணெய் படலாகாது.

பின்னர் இயந்திரத்தை இயக்கி, மிதியை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் பொறுத்துப் பின்கியரை இடுக. அது நெரிபடாது விழுதல் வேண்டும். கோலில் திருப்புவதற்கு மேலும் புரி இல்லையாயின் பெரும்பாலும் தட்டுத் தேய்ந்துவிட்டதென அறிக. அதனை மாற்றுவதே வழி. பழைய தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடுமாதலால், அதன் தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

சாரதிகள் கவனிக்க வேண்டியவை

ஓடும்போது மிதியின்மேற் காலை வைத்திருத்தலும், ஏற்றத்தில் லொறியைக் கிளச்சினால் தாங்கி நிறுத்தலும் தட்டை விரைவில் அழிக்கும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுக. மாதம் ஒருமுறை வெற்றசைவை அளத்தற்குச் சில நிமிடங்களே போதும். அதனைச் செய்யும் கமக்காரரின் சுமையும் சாரதியின் உயிரும் வழியில் இடருறா.