எஞ்சினை மாற்றுவதா, விடுவதா?

சென்ற மாதம் ஓரிரவு, மாணவர்தம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் மகன் வந்து, “அப்பா, இந்தக் காருக்கு வி-8 எஞ்சின் போடட்டோ, விடட்டோ?” என்று வினவினான்.

எங்கள் வீட்டிலே கார் இல்லை. அவன் கேட்டது ‘போர்ஸா ஹொறைசன் 5’ என்னும் காரோட்டப் போட்டி விளையாட்டில் அவன் வைத்திருந்த காரைப் பற்றி. பிரித்தானியாவின் பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனத்தார் ஆக்க, 2021 இல் வெளிவந்த அவ்விளையாட்டிற்குக் களம் மெக்சிக்கோ நாடு. கார், 1994 ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5. ரொறன்ரோவிலுள்ள மைத்துனனோடு சனிக்கிழமை போட்டி. முன்னர் மூன்று முறை தோற்றவன் ஆதலின், அவன் குரலில் விளையாட்டு இருக்கவில்லை. கொப்பிகளை மூடிவைத்துவிட்டு அருகே அமர்ந்தேன்.

அவன் விளக்க யான் அறிந்துகொண்டது இது. அங்கே ஒவ்வொரு காருக்கும் ஒரு திறன் எண் உண்டு. 701 முதல் 800 வரை ‘ஏ’ வகுப்பு. அவர்கள் போட்டியும் அதுவே. எஞ்சினை வலுவாக்கினும், நல்ல ரயர் பூட்டினும், பாரத்தைக் குறைப்பினும் அவ்வெண் ஏறும். 800 ஐத் தாண்டின் கார் அடுத்த வகுப்பிற்குப் போய்விடும். ஆகவே வலிமை என்பது அங்கே பங்கீட்டுக்கடை அரிசி போன்றது. எஞ்சினுக்கு அள்ளிக் கொடுத்தால் ரயருக்கு மிஞ்சாது.

எம்எக்ஸ்-5 இருவர் இருக்கக்கூடிய சிறு கார். ஏறத்தாழ ஆயிரம் கிலோ பாரம். நான்கு சிலிண்டர் கொண்ட 1.8 லீற்றர் எஞ்சின். முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சமமாய் நிற்றலின் வளைவுகளில் சொன்னபடி கேட்கும். வி-8 ஐ வைத்துப் பார்த்தோம். மூக்குப் பாரமாயிற்று, எண்ணின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிற்று, பழைய எஞ்சினுக்கென அவன் வாங்கிவைத்த உறுப்புக்களுள் ஒன்றேனும் புதியதற்குப் பொருந்தவில்லை.

“வேண்டாம், தம்பி” என்றேன். இலக்கணம் கற்பிப்போனுக்கு உவமையும் அவ்வழியே வரும். “விகுதி மாறினால் ‘நடந்தான்’ ‘நடந்தாள்’ ஆகும்; நடத்தல் மாறாது. பகுதியே மாறினால் ‘ஓடினான்’ ஆய்விடும். எஞ்சின் காரின் பகுதி” என்றேன்.

“ஓடினால் நல்லதுதானே அப்பா, இது றேஸ் எல்லோ?” என்றான். விடை கூற இயலாது விழித்தேன்.

என் மறுப்பிற்கு வேறொரு காரணமும் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வாராத காலத்தில், என் தந்தையாரின் ஒஸ்ரின் கார், சிறிது பெற்றோல் காட்டிக் கிளப்பப்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடிற்று. புகையும் இருமலுமாக அது படும் பாட்டைக் காணச் சகியாது, பிறர் சொற்கேட்டு, அதன் எஞ்சினைக் கழற்றி ஒரு டீசல் எஞ்சினை ஏற்றுவித்தோம். ஏற்றுவித்தோம் என்கின்றேன், வற்புறுத்தியவன் யானே. கார் ஓடத்தான் செய்தது. ஆயின் திருப்புவதற்கு இரு கைகளும் தோளும் வேண்டியிருந்தன. தந்தையார் ஒருவார்த்தை குறை கூறவில்லை. அதன்பின் திறப்பை என்னிடம் தந்துவிட்டுச் சைக்கிளில் போகலானார். பழைய எஞ்சினை அதற்குள் இரும்புக்கு விற்றுவிட்டோம்.

இதனைக் கேட்ட மகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, “இதிலை அப்பிடி இல்லை, அப்பா. வாங்கின எஞ்சின் காரோடையே இருக்கும், பழையதைத் திரும்பப் பூட்டலாம், காசும் இல்லை” என்று ஓர் அழுத்தில் மாற்றிக் காட்டினான். மறு அழுத்தில் வி-8 வந்தது. மீண்டும் பழையது. நான்கைந்து முறை மாற்றச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈற்றில் இரண்டு அமைப்புக்களையும் ஆயத்தம் செய்தான். பழைய எஞ்சினுக்கு ரேர்போ சேர்த்து, மிஞ்சிய எண்ணை ரயருக்கும் பாரக்குறைப்பிற்கும் கொடுத்தது ஒன்று, வி-8 மற்றையது. குவானஹுவாத்தோ நகரின் ஒடுங்கிய தெருக்களில் முன்னையதே முந்திற்று. நேர்ச்சாலையிலோ வி-8 ஐப் பிடிக்க இயலவில்லை.

சனிக்கிழமை களத்தைத் தெரியும் முறை மைத்துனனுடையது. அவன் தெரிந்தது ‘கோலியாத்’. தேசம் முழுவதையும் வளைத்துவரும் நெடும்போட்டி அது. மகன் என் முகத்தை நோக்கினான்.

“வி-8 ஐப் பூட்டு” என்றேன்.

சிறிது இடைவெளியில் வென்றான். அவ்வெஞ்சினின் உறுமல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவன் உறங்கியபின் யானே சென்று, பழையதைப் பூட்டிவைத்துவிட்டு வந்தேன்.