உங்களுக்குத் தெரியுமா? கொலை செய்தவனுக்கு 18 வயது ஆகாவிட்டால்...

2025 அக்டோபர் 14. பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளி. பள்ளி நேரத்திலேயே 16 வயது மாணவி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாளில் 14 வயது மாணவன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. கெடாவின் கரங்கான் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில், டப்ளின் தோட்டத்துப் பக்கம், கூலிமில், பாடாங் செராயில், எங்கும் அதே பேச்சு. “பதினாலு வயசுன்னா என்ன, தூக்குல போட வேண்டியதுதானே!” என்றார்கள் சிலர். “சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?” என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே மனம் பதறி வந்த பேச்சு. நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டையும் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே.

எந்த வயதிலிருந்து ஒரு பிள்ளை சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகலாம்? பத்து. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 82ஆம் பிரிவுப்படி 10 வயதுக்குட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றமாகாது. 10 முதல் 12 வரை, தான் செய்வது இன்னதென்று புரியும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது 83ஆம் பிரிவு. 10 முதல் 18 நிறையும்வரை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் துணைக்கு வரும்.

கணக்கில் வருவது சம்பவம் நடந்த நாளின் வயது. தீர்ப்பு நாளின் வயது அல்ல. ஒரே சண்டையில் இருந்த இரண்டு கூட்டாளிகள். ஒருவனுக்கு 18 நிறைந்து ஒரு வாரம் ஆகிறது; மற்றவனுக்கு நிறைய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இருவர்மீதும் கொலைக் குற்றம் நிரூபணமானால், மூத்தவனுக்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும். (கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீங்கியதால்தான் நீதிபதிக்கு இந்த இரண்டாவது வழி கிடைத்தது.) இளையவனைத் தூக்கிலிட முடியவே முடியாது. பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளியாள் யாரும் உள்ளே போக முடியாது. திருட்டு, அடிதடி என்று வரும் பிள்ளைகளின் வழக்கு அங்கே நடக்கும். சமூக நல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து, பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போனானா, அப்பா என்ன வேலை, வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்டு எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் அங்கே தண்டனை. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றத்தை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கொலை என்றால் வழக்கு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

அங்கே சிறார் சட்டத்தின் 97ஆம் பிரிவு வருகிறது. தூக்குக்குப் பதில் காவல். எத்தனை ஆண்டு? அதை நீதிபதி சொல்வதில்லை. குற்றம் கெடாவில் நடந்திருந்தால் கெடா சுல்தானின் திருவுளம் உள்ளவரை. கோலாலம்பூரில் நடந்திருந்தால் மாமன்னரின் திருவுளம் உள்ளவரை. சிறைக்கு வருகை தரும் நீதிமான்கள் வாரியம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்த வழக்கைப் பார்க்க வேண்டும்; விடலாமா வேண்டாமா என்று பரிந்துரைக்கலாம்.

இதை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மற்றக் கைதியின் தாய்க்கு ஒரு தேதி தெரியும். நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருக்கலாம். இந்தத் தாய்க்கு அது கிடையாது. “எப்பம்மா வருவேன்?” என்று மகன் கேட்டால் அவளிடம் பதில் இல்லை, சிறை அதிகாரியிடமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் நிலையும் இதேதான். இன்னும் எத்தனை ஆண்டு அவன் உள்ளே இருப்பான், வெளியே வந்தால் தனக்குச் சொல்வார்களா, வாரியம் கூடும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்பார்களா? 97ஆம் பிரிவில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். கொன்றவன் வீடு, கொல்லப்பட்டவர் வீடு இரண்டையும் ஒருசேர இருட்டில் வைக்கிறது ஒரு சட்டப் பிரிவு.

இப்படிக் காவலில் இருப்பவர்களுக்குச் சிறைக்குள் பள்ளிக்கூடம் உண்டு. சுங்கைப் பட்டாணி, கஜாங் போன்ற சிறைகளில் இயங்கும் ‘செக்கோலா இந்தெக்ரித்தி’ அது. இளம் கைதிகள் அங்கே படித்து எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறார்கள்.

97ஆம் பிரிவே செல்லாது என்று ஒரு முறை தீர்ப்பு வந்தது தெரியுமா? 2002இல் 12 வயதுப் பையன் ஒருவன், தனக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் 8 வயது மகளைக் குத்திக் கொன்றான். 97ஆம் பிரிவின்படி காவலில் வைக்கப்பட்டான். 2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எவ்வளவு காலம் தண்டனை என்பதை முடிவுசெய்வது நீதிபதியின் வேலை, அதை வேறு கைக்கு மாற்றுவது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று சொல்லி அவனை விடுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 1988இல் திருத்தப்பட்ட அரசமைப்பின் 121ஆம் விதிப்படி, நாடாளுமன்றச் சட்டம் கொடுத்த அதிகாரம்தான் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணம். பையன் மறுபடி காவலுக்குப் போனான்.

ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி, தம் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்து நடத்திய வழக்கை நாம் எல்லோரும் அறிவோம். 2018 ஜனவரி 29இல் வந்த அந்தத் தீர்ப்பில், நீதி வழங்கும் அதிகாரம் அரசமைப்பின் அடிப்படை, அதை நீதிமன்றத்திடமிருந்து எடுக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றமே சொன்னது. 2007இல் சொன்ன காரணம் இன்று பழைய பலத்தோடு நிற்கவில்லை. ஆனால் 97ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

பதினெட்டுக்குக் கீழே தூக்கு இல்லை என்பது இந்த நாட்டில் எப்போதும் காப்பாற்றப்பட்டதல்ல. 1977இல் 14 வயதுப் பையனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் யாரையும் கொல்லவில்லை, துப்பாக்கி வைத்திருந்தான். அவசரகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் நடந்த வழக்கில் அன்றைய சிறார் சட்டத்தின் பாதுகாப்பு எட்டவில்லை. வழக்கறிஞர் கர்ப்பால் சிங் வாதாடினார், ஊரே கொதித்தது, மன்னிப்பு கிடைத்து உயிர் தப்பினான்.

“திருவுளம் உள்ளவரை” என்ற ஏற்பாடு நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. பிரிட்டனின் 1908ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குத் தூக்கை நீக்கி அந்த இடத்தில் இதை வைத்தது. 1993இல் லிவர்பூல் அருகே 2 வயதுக் குழந்தையை 10 வயதுப் பையன்கள் இருவர் கொன்றார்கள். நீதிபதி குறைந்தது 8 ஆண்டு என்றார். தலைமை நீதிபதி 10 ஆக்கினார். ஏறக்குறைய 280,000 பேர் கையெழுத்திட்ட மனு வந்தது. உள்துறை அமைச்சர் 15 ஆக்கினார். 1997இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அமைச்சரின் முடிவைத் தள்ளுபடி செய்தார்கள்: கையெழுத்துகளைப் பார்த்து ஒரு பிள்ளையின் தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது. 2001இல் இருவரும் வெளியே வந்தார்கள். இந்த ஏற்பாட்டை உண்டாக்கிய நாட்டிலேயே குறைந்தபட்ச ஆண்டைச் சொல்லும் பொறுப்பு இன்று நீதிபதியிடம் இருக்கிறது.

அண்டை வீடு சிங்கப்பூர்: 2021 ஜூலையில் பள்ளிக்குள் 13 வயது மாணவனைக் கோடரியால் கொன்ற 16 வயது மாணவனுக்கு 2023 டிசம்பரில் 16 ஆண்டு சிறை. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். சென்னை: 2012 பிப்ரவரியில் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்ற 9ஆம் வகுப்பு மாணவனை மூன்றாண்டுக்குமேல் வைக்க அன்றைய இந்தியச் சட்டம் இடம் தரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில், சிறார் ஒருவனும் சேர்ந்து நடத்திய கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 16 முதல் 18 வயதுவரை உள்ளவர்களைக் கொடுங்குற்றங்களில் பெரியவர்களைப்போல் விசாரிக்கலாம் என்ற புதிய சட்டம் 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

நம் நாட்டுக்கே திரும்புவோம். கோலாலம்பூர் டத்தோ கெராமாட் சமயப் பள்ளியில் 2017 செப்டம்பர் 14 விடியற்காலை வைக்கப்பட்ட தீயில் 23 பேர் மாண்டார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பதின்ம வயதினரில் ஒருவரை 2020இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மற்றவருக்கு மாமன்னரின் திருவுளப்படி காவல்.

நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: “நான் அடிக்கலை, சும்மா கூட நின்னேன்” என்பது எல்லா நேரமும் காப்பாற்றாது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 34ஆம் பிரிவுப்படி, பலர் ஒரே எண்ணத்தோடு செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தானே செய்ததுபோல் பொறுப்பாவார்கள். 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ் இளைஞர் கும்பலால் அடிபட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவருக்கு 18கூட நிறையவில்லை. 2023இல் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு வரை போகாமல் தடுக்க, பையன் யாரோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறான் என்று விசாரிப்பது பெற்றோரின் வேலை.

இத்தகைய வழக்குகளில் உள்ள பிள்ளைகளின் படத்தைப் பகிராதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறாரானாலும் பாதிக்கப்பட்ட சிறாரானாலும், பெயர், முகம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் “ஃபார்வர்ட்” செய்தவருக்கும் சிக்கல் வரலாம்.

ஐ.நா. சிறார் உரிமைகள் உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. 18க்குக் கீழே மரண தண்டனையும் விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் சிறையும் கூடாது என்னும் அதன் 37ஆம் விதி உட்படச் சில விதிகளை முழுதாக ஏற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறது.

வயதைக் குறைத்துத் தூக்கு மேடைக்கு ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. 14 வயதுப் பையனைக் கொன்று எந்தத் தாயின் கண்ணீரும் நிற்காது. கொன்றவனைச் சும்மா விடச் சொல்லவும் இல்லை. உயிர் போன வீட்டுக்கு நீதி வேண்டும். குறைந்தபட்ச ஆண்டு எத்தனை என்று திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி சொல்லட்டும். அது முடிந்ததும் மறுபரிசீலனை நடக்கட்டும்; பறிகொடுத்த குடும்பத்தையும் அழைத்துக் கேட்கட்டும். அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மாலை போட்ட கையோடு கேளுங்கள்: 97ஆம் பிரிவை எப்போது திருத்தப் போகிறீர்கள்?